பின் சீட்டு

ராய்ஸ்: அதைக் கீழ வைடா. அது உனக்கான தூண்டில் ராடு இல்ல.

டிலார்ட்: நீ எப்ப உள்ள வந்த?

ராய்ஸ்: இப்பதான். எனக்கு முள்ளு வாங்கணும். மிஸ் எட்னா, இவன் கையில இருக்கறது எத்தனை அடி?

எட்னா: ஆறு. என் கடையில நான்தான் விலை சொல்லுவேன், நான்தான் அளவு சொல்லுவேன். நீ போய் காபி ஊத்திக்கோ.

ராய்ஸ்: ஆறடி ராடு. ஆறே கால் அடி ஆளுக்கு.

டிலார்ட்: ஏரியில இருக்கற பாஸ் மீனு, ராடை அளந்து பாத்துட்டா வாயத் திறக்குது?

ராய்ஸ்: எந்த வேலைக்கு எடுக்கற?

டிலார்ட்: மேல் தண்ணிக்கு. பெரிய மீனை ஏமாத்தற பொம்மை மீனை ஆட விடறதுக்கு.

ராய்ஸ்: அதான் கேக்கறேன். பொம்மை தண்ணி மேல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடணும்னா ராடு நுனியைத் தாழ்த்தி வச்சுத்தான் சுண்டணும். உன் உயரத்துக்கு இதை வச்சுக்கிட்டு... நீ படகுல முட்டி போட்டுத்தான் நிக்கணும்.

டிலார்ட்: முதுகு வலிடா. சின்ன ராடுன்னா கனமில்ல.

ராய்ஸ்: முதுகு வலிக்கறவன் குனிய வைக்கற ராடா வாங்குவான்?

எட்னா: கேள்வி நல்லாத்தான் இருக்கு.

டிலார்ட்: நீங்க சும்மா இருங்க மிஸ் எட்னா.

ராய்ஸ்: பத்து வருஷமா என் படகுல, என் பின் சீட்டுல வர்ற. உன் முதுகு எப்படின்னு எனக்குத் தெரியாதா?

டிலார்ட்: பின்னாடி உக்காந்திருக்கறது நான். என் முதுகை நீ எங்க பாத்த? பத்து வருஷமா உன் முதுகைத்தான் நான் பாத்துட்டிருக்கேன்.

எட்னா: நுனி விறைப்பு இவ்வளவு போதுமா டிலார்ட்? இன்னும் விறைப்பா ஒண்ணு உள்ள இருக்கு.

டிலார்ட்: வேணாம். இப்படி வளையணும். விறைச்ச ராடுன்னா மீன் சரியா கவ்வறதுக்கு முன்னாடியே வாயிலேருந்து பிடுங்கிட்டு வந்துரும்.

எட்னா: சரி. அப்புறம், பிடியை வெட்டித் தரச் சொன்னியே... ரெண்டு அங்குலமா, மூணா?

டிலார்ட்: மிஸ் எட்னா...

ராய்ஸ்: பிடியையும் வெட்டறியா?

எட்னா: முழங்கையில இடிக்குதாம்.

ராய்ஸ்: யாரு முழங்கையில? இவன் கைக்கு இன்னும் ரெண்டு அங்குலம் ஒட்டித்தான் கொடுக்கணும். இது வேற யாருக்கோ. குட்டையான ஆளு... ஓ. ட்ரெவரா?

டிலார்ட்: ட்ரெவரா?

ராய்ஸ்: நடிக்காத. நம்ம மீன்பிடி க்ளப்புல குட்டையா வேற யாரு இருக்கா? போன வருஷம் கோப்பை வாங்கினப்ப கோப்பைக்குப் பின்னாடி ஆளே தெரியல.

டிலார்ட்: அவன் ஜெயிச்சதுலேருந்தே உனக்கு வயித்தெரிச்சல்.

ராய்ஸ்: எனக்கா? அந்தப் பொடியன் மேலயா? ...அவன் உன்கிட்ட என்ன சொன்னான்?

டிலார்ட்: எப்ப?

ராய்ஸ்: எப்பவோ. இந்த வாரம். உன்னோட சேந்துக்கறேன்னு சொன்னானா?

டிலார்ட்: கிறிஸ்துமஸுக்கு அப்புறம் நான் அவன்கூடப் பேசவே இல்லடா.

ராய்ஸ்: நாளன்னிக்கு க்ளப்புல ஜோடி சேக்கறாங்க. பேரைப் படிச்சுட்டா வருஷம் முழுக்க ஒரே படகு, அதே ரெண்டு ஆளு. இந்த நேரம் பாத்து நீ குட்டை ஆளுக்கு ராடு வாங்கற. நான் என்ன நினைக்கறது?

டிலார்ட்: எது வேணா நினை. மிஸ் எட்னா, ரீலைக் காட்டுங்க. வேகமா சுத்தறதா.

எட்னா: இது ஒரு சுத்துக்கே தூண்டில் நரம்பை நிறைய இழுத்துரும். பொம்மையை ஆட்டறப்ப நரம்பு தொளதொளன்னு கிடக்காது. சின்னக் கைக்குள்ளயும் அடங்கும்.

ராய்ஸ்: சின்னக் கை.

எட்னா: ரீலைப் பத்திச் சொன்னேன்ப்பா.

ராய்ஸ்: டேய், எனக்கு என்னைக்காவது இப்படி ஒரு ரீல் பாத்துப் பாத்து எடுத்திருக்கியா?

டிலார்ட்: உனக்கு யாராவது எடுத்துக் கொடுத்தா பிடிக்குமா? மூழ்குற நரம்பை மாட்டாத, பொம்மையோட மூக்கைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள இழுத்துரும்னு எத்தனை தடவை சொன்னேன்?

ராய்ஸ்: அதையெல்லாம் இப்ப அவனுக்குச் சொல்லிக் கொடுக்கறியாக்கும்.

டிலார்ட்: சொன்னா கேக்கற ஆளு. மீன் தண்ணியைப் பொளந்துட்டு வந்தாலும் பதறாத ஆளு. கையில கனம் தெரியற வரைக்கும் அசையாம நிக்கற ஆளு. உன்னை மாதிரி தெறிக்கற சத்தம் கேட்டதுமே சுண்டி, பொம்மையை என் தொப்பிக்கு அனுப்பற ஆளு இல்ல.

ராய்ஸ்: அது ஒரே ஒரு தடவை.

டிலார்ட்: தொப்பி ஒரு தடவை. காது ஒரு தடவை.

எட்னா: காதுல முள்ளோட இங்கதான் வந்தான். நான்தான் எடுத்துவிட்டேன்.

ராய்ஸ்: அப்ப... ஏற்கெனவே கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்ட.

டிலார்ட்: பாத்துட்டேன். புதன்கிழமை சாயங்காலம். என் மாட்டுக் குட்டையில.

ராய்ஸ்: உன் குட்டையிலயா? மாடு மிரளும்னு என்னை ஒரு தடவை கூட உள்ள விட்டதில்லையேடா.

டிலார்ட்: நீ கத்துவ. மாடு மிரளத்தான் செய்யும்.

ராய்ஸ்: புதன்கிழமைன்னா நான் வீட்ல தனியா டிவி பாத்துட்டு உக்காந்திருக்கேன். வாண்டாவும் சர்ச்சுக்குப் போயிடறா. ஒரு போன் பண்ணியிருந்தா வந்திருக்க மாட்டேனா?

டிலார்ட்: வந்திருப்ப. அதான் பண்ணல.

ராய்ஸ்: ...என்னைப் பத்தி என்ன பேசிக்கிட்டீங்க?

டிலார்ட்: பேச்சே உன்னைப் பத்தித்தான். ராய்ஸ் எப்படி வீசுவாரு, எந்தப் பக்கம் நிப்பாரு, அல்லி இலையில மாட்டிக்கிட்டா என்ன செய்வாருன்னு ஒரே கேள்வி. எனக்கே அலுத்துப் போச்சு.

ராய்ஸ்: திருட்டுப் பய. என்கிட்ட அப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு, எனக்கு...

டிலார்ட்: உனக்கு?

ராய்ஸ்: ஒண்ணுமில்ல. நீ மேல சொல்லு. நீ அவன் படகுல ஏறப் போறியா, அவன் உன்கூட வர்றானா?

எட்னா: டிலார்ட், போதும். சொல்லிரு. இவன் கழுத்தெல்லாம் சிவந்து போச்சு. என் கடையிலயே விழுந்துடுவான்.

டிலார்ட்: சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா.

ராய்ஸ்: வாங்கியிருக்கான்னா... யாரு?

டிலார்ட்: வாண்டா.

ராய்ஸ்: எந்த வாண்டா?

எட்னா: கர்த்தரே.

டிலார்ட்: காலையில உனக்கு முட்டை பொரிச்சுப் போட்டாளே உன் பொண்டாட்டி, அந்த வாண்டா.

ராய்ஸ்: என் வாண்டாவா? புதன்கிழமை அவளுக்கு பைபிள் வகுப்புடா.

டிலார்ட்: ரெண்டு மாசமா என் குட்டையிலதான் வகுப்பு.

எட்னா: பாஸ்டருக்கும் தெரியும்.

ராய்ஸ்: உன்னோடயா... தனியாவா?

டிலார்ட்: அப்படிப் பாக்காதடா. எங்க அக்கா கரையில நாற்காலி போட்டு உக்காந்து ரெண்டு பேரையும் திட்டிக்கிட்டே இருக்கு. அது பத்தாதுன்னா மாடுகளைக் கேட்டுக்கோ.

ராய்ஸ்: மீன் பிடிக்கணும்னா என்கிட்டல்ல கேக்கணும்? இந்த ரேபர்ன் ஏரியில என்னை விட்டா யாரு...

டிலார்ட்: கேட்டாளாம். படகுல ரெண்டு சீட்டுதான், பின்னாடி இருக்கறது டிலார்டோடதுன்னு நீதான் சொன்னியாம்.

ராய்ஸ்: ...சொன்னேன்.

டிலார்ட்: பொண்ணும் கல்யாணமாகி டாலஸ் போயிட்டா. நீ வீட்ல இருந்தாலும் ஏரியிலதான் இருக்கியாம். அவ பேசினா 'ம்'னு சொல்லுவியாம். என் போன் வந்தா வாசல் வரைக்கும் எழுந்து போய்ப் பேசுவியாம்.

ராய்ஸ்: உன் மேலயா அவளுக்குப் பொறாமை?

டிலார்ட்: வேற யார் மேல? என் டிரக் சத்தம் கேட்டாலே பத்து வருஷமா வயிறு எரியுதாம். என் மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னா. சொல்லிட்டு, எனக்குக் கத்துக் கொடுன்னா. நான் என்ன செய்ய?

எட்னா: நான் அவளுக்கு ஏழடி ராடு கொடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு சுண்டுக்கும் நுனி தண்ணியில அடிச்சுச்சாம். அதுக்குத்தான் இன்னைக்கு இந்த ஆறடி.

டிலார்ட்: கேளுடா. நான் இறங்கிக்கறேன். நாளன்னிக்குப் பேர் படிக்கறப்ப உன் பேர் வந்ததும் அவ எழுந்து நிப்பா, இந்த ராடோட. நேத்தே சட்டையைத் தேச்சு வச்சுட்டாளாம். நீ ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்கணும், அவ்வளவுதான்.

எட்னா: இப்பவே அப்படித்தான் முழிக்கறான்.

டிலார்ட்: ராய்ஸ்? எனக்கு மட்டும் அந்தச் சீட்டை விட்டுட்டுப் போறது லேசா என்ன? ஏதாவது சொல்லுடா.

ராய்ஸ்: அந்தச் சீட்டு இப்ப என்கிட்ட இல்லடா... போன வாரமே ட்ரெவருக்குக் கொடுத்துட்டேன். வெளிய உன் டிரக்கைப் பாத்துட்டு, அதை உன்கிட்டச் சொல்லத்தான் கடைக்குள்ளயே வந்தேன்.