ஒருத்தரையும் தெரியாத ஊர்

திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாக வெருகலுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். இருவருக்கும் அறுபது வயது இருக்கும். மடியில் ஆளுக்கொரு முதுகுப்பை. பக்கத்து இருக்கையில் இருந்த மூதூர்ப் பெண், யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"ஒருத்தரையும் தெரியாத ஊராப் பாத்துப் போறம்," என்றார் மனைவி.

"அப்ப எதுக்குப் போறிங்க?"

"சும்மா பாக்கத்தான். முல்லைத்தீவில இருந்து வெளிக்கிட்டு இண்டைக்குப் பன்னிரண்டு நாள். பிடிச்ச இடத்தில ரெண்டு நாள் நிக்கிறது, பிறகு அடுத்த பஸ்."

"இந்த வயசிலயா?"

கணவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "முந்தியும் ரெண்டு பேரும் பையோட ஊர் ஊராத் திரிஞ்சனாங்கள்தான். அப்ப சண்டைக்குப் பயந்து ஓடினனாங்கள். ஒரு இடத்தையும் நிண்டு பாக்கேல்லை."

"நாங்களும் ஓடினதுதான்," என்றார் அந்தப் பெண். கிண்ணியாப் பாலம் கடந்ததும் மெதுவாகக் கேட்டார்: "எங்கட அவர் மௌத்தாகி மூணு வருஷம். பொம்புளை ஒராள் தனியா இப்படிப் போக ஏலுமா?"

மனைவி தன் பையைத் தூக்கி அவரிடம் நீட்டினார். "பிடிச்சுப் பாருங்கோ. நாலு உடுப்புத்தான் கிடக்கு."

அந்தப் பெண் அதை வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்றார். கண்டக்டர் "மூதூர், மூதூர்" என்று இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் கழற்றிக் கொடுத்தார்.