கை எட்டாத தூரத்தில் மன்னிப்பு

டீச்சர், கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். ஞாயிறு பள்ளி சார்பில் நாளை இரங்கல் கூட்டத்தில் நான் பேச வேண்டியதை அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் நான் பேசப்போவது இதுதான். பிழையை மட்டும் திருத்திக் கொடுங்கள்.

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, மூப்பர்களில் ஒருவராகிய என் அப்பா அவர்களே, கண்கலங்கிக் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

நம் தம்பதியர் ஐக்கியத்தின் தலைவி நர்சம்மா இறந்துவிட்டார். இறந்துவிட்டாரா? இந்த மண்டபத்தில்தானே நின்றார்! தேநீர்க் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, "யாருக்குச் சர்க்கரை வேணாம்?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் சரிந்துவிட்டார். எனக்கு அரை சர்க்கரை போதும் என்று சொல்லத் திறந்த வாயை நான் இன்னும் மூடவில்லை.

சண்டையோடு வரும் தம்பதியரை நர்சம்மா என்ன செய்வார்? எதிரெதிரே உட்காரவைத்து, முகத்துக்கு முகம் பார்த்து, திருமண நாளில் கொடுத்த வாக்கை மறுபடி உரக்கச் சொல்லவைப்பார். கடை எரிந்த பிறகு பேக்கரி அண்ணனும் அண்ணியும் பேச்சையே நிறுத்தியிருந்தார்கள்.

"இவ என் மூஞ்சியையே பாக்க மாட்டேங்கறா நர்சம்மா."

"இந்தத் தாடியோட நானே பாக்க மாட்டேன். போய்ச் சவரம் பண்ணிட்டு வாய்யா!"

அண்ணி சிரித்துவிட்டார். வாக்கில் துன்பம் என்ற சொல் வந்ததும் இருவரும் அழுதார்கள். இன்று ஒரே தள்ளுவண்டியில் ரொட்டி விற்கிறார்கள். கடவுள் இணைத்தவர்கள் நாங்கள் என்ற நம்பிக்கை அவர்களைத் தாங்கியது.

அதே நம்பிக்கை எங்கள் வீட்டில் என்ன செய்தது? அடித்து முடித்ததும் அப்பா அதைத்தான் சொல்வார்: "கடவுள் சேத்து வெச்சதுடி. எங்க போயிடுவ?" அம்மா கன்னத்தில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டு தலையாட்டுவார்.

நர்சம்மா அப்பாவையும் உட்காரவைத்தார். "நேசிப்பேன்" என்றார் அப்பா. அடுத்த சொல் "காப்பேன்". அது அவர் வாயில் வரவே இல்லை. அன்று நர்சம்மா அம்மாவையும் என்னையும் தனியே அழைத்தார்.

"வாக்கை நீ மீறலம்மா. கை ஓங்கினவர் மீறிட்டார். மன்னிச்சுக்கோ, வேணாங்கல. ஆனா கை எட்டாத தூரத்துல நின்னு மன்னிச்சுக்கோ."

தன் வீட்டு மாடி அறையை எங்களுக்காகப் பெருக்கி வைத்தார். வெள்ளிக்கிழமை போவதாக இருந்தோம். வியாழக்கிழமை அவர் போய்விட்டார்!

"கர்த்தருக்கே இஷ்டமில்ல போல பாப்பா" என்று அம்மா பெட்டியிலிருந்த துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டார். கர்த்தருக்கா இஷ்டமில்லை? நர்சம்மாவின் கணவர், பஸ் டிரைவர் மாமா, அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்: "ரூம் அப்படியேதான்மா இருக்கு. அம்மாவைக் கூட்டிட்டு வந்துடு."

ஆகவே பெரியோர்களே, நர்சம்மாவின் பணியைத் தொடர்வேன் என்று உறுதி கூறுகிறேன். எப்போது? இப்போதே! இந்த மேடையிலிருந்து இறங்கி, உங்கள் எல்லோர் கண்முன்னும் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாமா வீட்டுக்கு நடக்கப்போகிறேன். போதகர் ஐயா, தயவுசெய்து எங்களோடு நடந்து வாருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அப்பா எங்களை

டீச்சர், யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். அம்மா திறக்க