டவரா, ஷெல்ஃபா?

— இடுப்பு உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர் பெட்டிய இந்த ரூம்ல நிறுத்தினா மனுஷங்க எங்கடா நடக்கறது? டவரெல்லாம் வேண்டாம் தம்பி. அலமாரில வைக்கற சின்னதே போதும்.

— அக்கா, கடைக்காரனா பேசல, உன் தம்பியா சொல்றேன். இத்தனூண்டு ரூமுக்கு ஷெல்ஃப் ஸ்பீக்கர்தான் சரி. டவர் வெச்சா மேளச் சத்தம் சுவத்துல மோதிக் குமுறும். ஆனா மாமா டவர்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. அதான் ரெண்டையும் வண்டில போட்டுக் கொண்டாந்துட்டேன், கேட்டுப் பாத்து முடிவு பண்ணுங்க.

— மாப்ள, படத்துக்கு சவுண்டு மிக்ஸ் பண்றது நீயா, நானா?

— நீங்கதான் மாமா.

— அப்ப வாய மூடிட்டு ஒயர மாட்டு. அந்தச் சின்னதுல உயிரே இல்ல. அத மாதிரி ஒண்ண நம்பி மிக்ஸ் பண்ணித்தான் டைரக்டருக்கு அனுப்பின ரெண்டு ரீலும் திரும்பி வந்துச்சு.

— ஏன் திரும்பி வந்துச்சுன்னும் தம்பிகிட்ட சொல்லுங்களேன்.

— அந்த டைரக்டருக்கு வேற வேலை இல்ல.

— அவரு எனக்கே போன் பண்ணிட்டாருங்க. படத்துல வர்ற மணிச் சத்தம் காதுல ஊசி குத்தற மாதிரி இருக்காம். ஜனம் எந்திரிச்சு ஓடிடும்னாரு. நீங்க அத ஏத்திக்கிட்டே போயிருக்கீங்க.

— ஸ்பீக்கர்ல கேக்கலன்னா ஏத்தாம என்ன செய்யறது?

— ஸ்பீக்கர்ல கேக்கலயா, உங்களுக்குக் கேக்கலயா?

— என்ன சொன்ன?

— பாருங்க, என் பக்கம் திரும்பினாத்தான் உங்களுக்குப் புரியுது. கொஞ்ச நாளாவே கவனிக்கறேன். யார் பேசினாலும் வாயையே உத்துப் பாக்கறீங்க. காலிங் பெல் அடிச்சா நான்தான் ஓடணும். நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போலாம்.

— போயி? காது போன மிக்ஸருக்கு எவன்டி படம் குடுப்பான்? இந்தப் படமும் கைய விட்டுப் போச்சுன்னா நம்ம வாயில மண்ணுதான்.

— அதுக்காக ஊரான் படத்தக் கெடுக்கறதா?

— அக்கா, விடேன். மாமா முகமே மாறிப் போச்சு.

— நீ சும்மா இருடா. எனக்கு ராத்திரி தூக்கம் வரல, தெரியுமா?

— சரி, இப்பவே முடிவு பண்ணிடலாம். நான் கண்ண மூடிக்கறேன். மாப்ள மாத்தி மாத்திப் போடட்டும். எது டவரு, எது ஷெல்ஃபுன்னு புட்டுப் புட்டு வைக்கறேன். ஒண்ணு தப்பாப் போனாலும் டாக்டர்கிட்ட வரேன், படத்தையும் விட்டுடறேன். எல்லாம் சரின்னா டவர் இங்கதான் நிக்கும். அதுக்கப்புறம் நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

— வாக்கு மாற மாட்டீங்களே?

— மாற மாட்டேன். மாப்ள, மேளம் நல்லா அடிக்கற பாட்டாப் பாத்துப் போடு. நடுவுல யாரும் எதுவும் கேக்க வேண்டாம். தோளத் தொட்டா போதும், சொல்றேன்.

— போட்டுட்டேன். அக்கா, தொடு.

— டவரு.

— கரெக்ட். மாத்திட்டேன், இப்பத் தொடு.

— இது ஷெல்ஃபு.

— ம்ம். இப்ப தொடுக்கா.

— இதுவும் ஷெல்ஃபுதான். என்ன மாப்ள, மாத்தற மாதிரி பாவ்லா காட்டறியா?

— பாத்தியாக்கா? மூணும் சரி. இந்தக் காதப் போயி சந்தேகப்பட்டியே.

— அப்பாடா. போன உயிர் திரும்பி வந்துச்சுடா. ஏங்க, மனசுல வெச்சுக்காதீங்க. டவரே இருக்கட்டும், நான் எப்படியாவது சுத்தி நடந்துக்கறேன்.

— அப்படி வழிக்கு வா.

— ஆமா, உங்க செருப்பு எங்க?

— எது?

— வீட்டுக்குள்ள போடற செருப்பு. தரை சில்லுன்னு இருக்குன்னு கழட்டவே மாட்டீங்களே.

— புழுங்குச்சு, கழட்டினேன். இதுக்கெல்லாமா விசாரணை?

— மேளம் அடிக்கறப்பல்லாம் கட்டைவிரலத் தரையில ஊனிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அப்ப எனக்கு ஒறைக்கல.

— என்னக்கா சொல்ற?

— டவர் தரையில நிக்குது, ஷெல்ஃபு அலமாரில இருக்கு. தரை அதிருதான்னு பாத்துச் சொல்லியிருக்காருடா. காதால சொல்லல. ஏங்க, இன்னும் ஒரே ஒரு தடவ. காலத் தூக்கி சோபா மேல வெச்சுக்கோங்க.

— அதான் ஜெயிச்சாச்சே. முடிஞ்சு போச்சு.

— எனக்காகங்க.

— இவ விட மாட்டா. சரி, தூக்கிட்டேன். கண்ணையும் மூடிட்டேன். போடச் சொல்லு.

— தம்பி, மேளம் வேண்டாம். திரும்பி வந்த ரீல்ல மணி மட்டும் அடிக்குமே, அந்த இடம். அவருக்குப் பிடிச்ச டவர்லயே போடு.

— அக்கா, சத்தம் தாங்கல. எனக்குப் பல்லெல்லாம் கூசுது. நிறுத்திடவா?

— நிறுத்தாத. அவர் முகத்தப் பாரு.

— ஏன் மாப்ள, ஒரு ஒயர் மாட்ட இவ்ளோ நேரமா? சட்டுனு போடுப்பா.