கட்டம் போட்ட முகம்

— பதினோரு நிமிசம்டி கிறிஸ்டி! ஒத்தப் படத்துக்குப் பதினோரு நிமிசம். மத்ததெல்லாம் நாப்பது செகண்டுல முடிச்சிருக்க. இதுல மட்டும் உக்காந்து என்ன கோலமா போட்ட?

— நெட்டு ஸ்லோக்கா.

— நெட்டு ஸ்லோன்னா ஹால்ல இருக்குற தொண்ணூறு பேருக்கும் ஸ்லோவா இருக்கணும். உன் சிஸ்டத்துக்கு மட்டும் தனி நெட்டா? மூஞ்சி மேல கட்டம் போட்டிருக்க, அழிச்சிருக்க. மறுபடி போட்டிருக்க, மறுபடி அழிச்சிருக்க. நாலு தடவ. எல்லாம் பதிவாயிருக்கு. செக்கிங்குல உக்காந்திருக்கவளுக்கு அது தெரியாதுன்னு நெனச்சியா?

— மெதுவா பேசுங்க லீலாவதிக்கா. சாப்பாட்டு ரூம்ல ஆளு இருக்கு.

— ஆர்த்தி ஒருத்திதான் இருந்தா, அவளும் கை கழுவப் போயிட்டா. நீ ஏன் இன்னும் டிபன் பாக்ஸத் தொறக்கல?

— ஒருசந்திக்கா. தவக்காலம்ல.

— ஒருசந்தி வெள்ளிக்கிழமதான இருப்ப? இன்னிக்குச் செவ்வாய். நேத்தும் அப்புடியே மூடி எடுத்துட்டுப் போன. என்கிட்ட மறைக்காத. வரதராசன்பேட்டையில கெடந்தவள பெரம்பலூருக்குக் கூட்டியாந்து இந்த வேலையில சேத்துவுட்டவ நான். உன் மூஞ்சி வாடுனா எனக்குத் தெரியாதா?

— ஒன்னுமில்லக்கா. அந்தப் படத்துல நான் எதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?

— நீ ஒரு தப்பும் பண்ணல. படத்துல நிக்கிற ஆளுதான் தப்பு. அது என் வூட்டுக்காரரு.

— எந்தப் படத்தச் சொல்றீங்க?

— நடிக்காத. ஆண்டிமடம் பஸ் ஸ்டாப்பு. கரும்பு ஜூஸ் வண்டி. ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, ஒரு பைக்கு.

— ஆனா உங்க ஸ்கிரீன்ல மூஞ்சி தெரியாதேக்கா. வண்டி நம்பரும் தெரியாது. நான் கட்டம் போட்ட எடமெல்லாம் கலங்கித்தான செக்கிங்குக்கு வரும்?

— கலங்கித்தான் வருது. அதான் அந்தக் கம்பெனிக்காரனோட கெட்டிக்காரத்தனம். காரு மேல கேமராவ வச்சுக்கிட்டு மீன்சுருட்டி, ஆண்டிமடம்னு சந்து பொந்தெல்லாம் சுத்தி படம் புடிப்பான். மேப்புல போடுவான். ஆனா எவன் மூஞ்சியும் வெளிய தெரியக் கூடாதாம், அத மறைக்கிறதுக்கு நமக்குச் சம்பளமாம். மூஞ்சிய மறைச்சுட்டா ஆளத் தெரியாதா? பதினாலு வருசமா அந்தாளு துணியத் தொவச்சுப் போடுறேன். அந்த நீலச் சட்டையில எந்தப் பட்டன் நான் மாத்துனதுன்னு கூடச் சொல்லுவேன்.

— ஃபைபர் லைன் இழுக்குற எல்லாரும் அந்தச் சட்டதான்க்கா போட்டிருப்பாங்க. கம்பெனி குடுத்ததுதான?

— சட்ட கம்பெனி குடுத்தது. வண்டி சீட்டு? போன ஐப்பசி மழையில கிழிஞ்சு போச்சு. என் கல்யாணத்துக்கு எடுத்த மெரூன் ஜாக்கெட்டு, எனக்குப் பத்தாம கெடந்தத வெட்டி, நானே தச்சுப் போட்டேன். அது மேலதான்டி அவ ஒய்யாரமா சாஞ்சுக்கிட்டு நிக்கிறா. என் ஜாக்கெட்டு மேல!

— வேற யாராச்சும் லைன் கேட்டு வந்த பொண்ணா இருக்கும்க்கா.

— லைன் கேட்டு வந்தவளுக்கு கரும்பு ஜூஸ் வாங்கித் தருவாரா? அந்தாளு கையில ரெண்டு கிளாஸ் இருக்கு. நான் கேட்டா சுகர் வரும்பாரு. எனக்கு வாங்கிக் குடுத்து எட்டு வருசம் ஆச்சு. அவளுக்கு மட்டும் சுகர் வராதா?

— பாலாஜி சாரு அப்புடிப்பட்டவரு இல்லக்கா.

— நீ அந்த மனுசனுக்கு வக்காலத்து வாங்காத. படத்து மூலையில தேதி இருக்கு. மார்ச் பன்னெண்டு, பதினொன்னு இருவது. அன்னிக்கு என்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனாரு தெரியுமா? வேப்பந்தட்டையில லைன் கட்டாயிருச்சாம். மலையோரமாம், சிக்னல் கெடைக்காதாம், போன் பண்ணாதன்னாரு. மேக்க போறேன்னு சொன்ன ஆளு, கெழக்க ஆண்டிமடத்துல எப்புடிடி ஜூஸ் குடிக்கிறாரு?

— அன்னிக்குப் புதன்கிழமைதானக்கா?

— பாத்தியா! தேதிய மட்டும்தான் நான் சொன்னேன், கெழமைய நீயே சொல்லிட்ட. ஞாபகம் இருக்குல்ல? அப்ப அவ மூஞ்சியும் ஞாபகம் இருக்கும். சொல்லு, யாரு அவ?

— தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. மாதா மேல ஆணை, அவ யாருன்னு எனக்குத் தெரியாது.

— பேரு தெரிய வேணாம். எப்புடி இருந்தா, அதச் சொல்லு. நான் கழுத்துக்குக் கீழ எல்லாம் பாத்துட்டேன். மஞ்சச் சுடிதாரு, ஒல்லி, கையில வாட்ச்சு. அதுக்கு மேல கலங்கிப் போயிக் கெடக்கு. இந்த ஹால்ல அவ மூஞ்சியப் பாத்தது நீ ஒருத்திதான்.

— நாளைக்கு அறுநூறு மூஞ்சி பாக்குறேன்க்கா.

— அறுநூறு மூஞ்சிக்கும் பதினோரு நிமிசமா குடுத்த?

— படத்துல தெரிஞ்சவங்க வந்தா வாயத் தொறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. அந்த ரூல எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்.

— ஆமாடி, நான்தான் சொல்லிக் குடுத்தேன். அன்னிக்கு என் புருசன் படத்துல வரல. பொட்டு வச்சிருந்தாளா?

— வச்சிருந்தா.

— கலரு?

— மாநிறம்.

— என்னவிடக் கலரா?

— வெயில்ல எடுத்த படம்க்கா. வெயில்ல எல்லாரும் கலராத்தான் தெரிவாங்க.

— பூசி மொழுகாத. வயசு என்ன இருக்கும்?

— என் வயசு இருக்கும். இல்ல, என்னவிட ஒரு ரெண்டு வயசு கம்மியாத்தான் இருக்கும்.

— இருவத்தி நாலு! எனக்கு முப்பத்தஞ்சு முடியப் போவுது. சரி, மூக்கு எப்புடி?

— மூக்குத்தி போட்டிருந்தா, ஒத்தக் கல்லு. பல்லு வரிசையா இருந்துச்சு. இடது கன்னத்துல ஒரு மச்சம். புருவம் பார்லர்ல எடுத்தது. காதுல ஜிமிக்கி, ஆனா தங்கம் இல்ல, கவரிங்கு. முடி முன்னாடி கொஞ்சம் வெட்டி விட்டிருந்தா.

— ஏன்டி, ஞாபகமே இல்லாத மாரி இழுத்த! மச்சம் மொதக்கொண்டு எண்ணி வச்சிருக்க!

— கண்ண மூடுனா அதுதான்க்கா வந்து நிக்குது. ரெண்டு நாளா தூங்கல.

— உனக்கே இப்புடின்னா எனக்கு எப்புடி இருக்கும், நெனச்சுப் பாரு. இங்க பாரு கிறிஸ்டி, இதே ஆளு டிவி டிஷ் மாட்டிக்கிட்டு இருந்தப்ப மத்தியானம் டாண்ணு வூட்டுக்கு வந்து சோறு திம்பாரு. லைன் கம்பெனி வந்துச்சு, நாப்பது ஊரக் கையில குடுத்துச்சு, லைன் சாரு ஆயிட்டாரு. போற வூட்லயெல்லாம் காப்பி. போன் நம்பர வாங்கி வச்சுக்கிட்டு எவளாவது நெட்டு வரலன்னு கூப்புட்டா போதும், பறந்துருவாரு. இங்க தொறப்பு விழாவுல டை கட்டுன சாரு மைக்கு புடிச்சு என்ன சொன்னாரு? பெரிய பெரிய கம்பெனியெல்லாம் நம்ம ஊரத் தேடி வந்துருச்சு, இனிமே எல்லாம் டிஜிட்டல்னாரு. நானும்தான் கை தட்டுனேன். ஒரு கம்பெனி என் புருசன ஊர் மேல அனுப்புச்சு. இன்னொரு கம்பெனி பின்னாடியே போயி படம் புடிச்சுக்கிட்டு வந்துருச்சு. மூணாவதா நான், அந்தப் படத்துக்குப் பாஸ் போடணும். யாருக்குடி வளர்ச்சி? எனக்கு வயித்தெரிச்சல்தான் வளந்துச்சு.

— அவருகிட்டயே கேட்டுருங்களேன்க்கா.

— எத வச்சுக் கேக்குறது? சீட்டுத் துணிய வச்சா? அது நான் இல்ல, என் வண்டி மாரி வேற வண்டின்னு சாதிப்பாரு. அவ மூஞ்சி எனக்குத் தெரியணும். இன்ன கன்னத்துல இன்ன மச்சம் உள்ளவ யாருன்னு நேருக்கு நேரா கேட்டாத்தான் வாயடைக்கும். நான் முடிவு பண்ணிட்டேன். அந்தப் படத்துக்கு ஃபெயில் போடப் போறேன்.

— ஃபெயிலா? ஏன்க்கா?

— ஃபெயில் போட்டா படம் திரும்ப உன் ஸ்கிரீனுக்குத்தான் வரும். முழு மூஞ்சியோட. நான் தண்ணி குடிக்கப் போற மாரி உன் பின்னாடி வந்து நின்னு ஒரு பார்வ பாத்துக்குறேன்.

— வேண்டாம்க்கா! ஹால்ல நாலு மூலையிலயும் கேமரா இருக்கு. போன மாசம் ஒருத்தி பக்கத்து சிஸ்டத்த எட்டிப் பாத்ததுக்கே வூட்டுக்கு அனுப்பிட்டாங்க.

— அனுப்பட்டும். மானத்தவிடவா வேல பெருசு?

— உங்களுக்கு வூடு இருக்குக்கா. எனக்கு? எங்கம்மா முந்திரிக்கொட்ட ஒடச்சு ஒடச்சு, அந்த எண்ண பட்டு ரெண்டு கையும் வெந்து கெடக்கு. வேல போச்சுன்னா நானும் போயி அது பக்கத்துல உக்காரணும். என் கையப் பாருங்க. இந்தக் கையும் அப்புடி ஆவணுமா?

— ரெண்டு மணிக்கு எல்லாப் படமும் மொத்தமா மேல போயிரும்டி. பாஸ் போட்டேன்னா ஆயுசுக்கும் அவ மூஞ்சி கலங்குனதுதான். ஒலகத்துல எவன் எவனோ மேப்பத் தொறந்து ஆண்டிமடத்தப் பாப்பான். அவ என் புருசன் பக்கத்துல நல்லவளாட்டம் மூஞ்சி இல்லாம நிப்பா. நான் மட்டும் அந்தக் கலங்கலுக்கு எதுத்த வூட்டுக்காரி மூக்க வச்சு, மளிகைக் கடைக்காரி கண்ண வச்சு, போற வர்றவ மூஞ்சியையெல்லாம் பொருத்திப் பொருத்திப் பாத்துக்கிட்டே சாவணுமா?

— எனக்கு மட்டும் அவள மறைக்க மனசு வந்துச்சுன்னா நெனைக்கிறீங்க?

— என்னடி சொல்ற?

— கட்டத்தப் போட்டேன். சேவ் குடுக்கப் போனா கை வரல. இவள எதுக்கு நான் காப்பாத்தணும்னு தோணுச்சு. இவ மூஞ்சி அப்புடியே மேப்புல போவட்டும், ஊரே பாக்கட்டும், அவ அப்பன் பாக்கட்டும், ஆத்தா பாக்கட்டும், நாறிப் போவட்டும்னு கட்டத்த அழிச்சேன். அப்புறம் வேல போயிருமேன்னு பயந்து மறுபடி போட்டேன். நாலு தடவையும் அப்புடித்தான்க்கா. யாருக்கும் கெடுதல் நெனைக்காதவ நான். அவ செத்துப் போவணும்னு நெனச்சேன்.

— கிறிஸ்டி! எனக்காகவாடி? எனக்காகவா இவ்ளோ துடிச்ச?

— கைய விடுங்கக்கா.

— விட மாட்டேன். என் கூடப் பொறந்தவ அரியலூர்ல இருக்கா, அவகிட்ட காலையில போன்ல சொல்லி அழுதேன். ஆம்பளைங்க அப்புடித்தான், அனுசரிச்சுப் போன்னுட்டா. நீ யாரோ எவரோ, ரெண்டு நாளா பட்டினி கெடக்குற. நான்தான் உன்ன மெரட்டிக்கிட்டு நிக்கிறேன். போவட்டும் விடு. நான் பாஸே போட்டுட்றேன். எனக்கு அவ மூஞ்சி வேணாம். உன் வேல இருக்கணும்.

— ஐயோ, எனக்காக எதுவும் பண்ணாதீங்க.

— பண்ணுவேன். இன்னிக்குச் சாயங்காலம் நீ ஹாஸ்டலுக்குப் போவாத, நம்ம வூட்டுக்கு வா. அந்தாள உக்கார வச்சு நான் கேக்குறேன், நீ சாட்சிக்கு என் பக்கத்துல இரு. நீ இருந்தா எனக்குத் தெம்பு.

— நான் வரலக்கா. என்னால அவரு மூஞ்சியப் பாக்க முடியாது.

— உனக்கே அருவருப்பா இருக்குல்ல? ஒன்னே ஒன்னு சொல்லிடு, அதோட விட்டுர்றேன். அந்தாளு மூஞ்சி எப்புடி இருந்துச்சு? அதையும் நீதான கட்டம் போட்டு மறைச்ச?

— சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. அவளயே பாத்துக்கிட்டு, கண்ணு சுருங்க சிரிப்பு. அப்புடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லக்கா.

— நீ எங்க பாத்திருக்கப் போற? பதினாலு வருசத்துல நானே பாத்ததில்ல. அட, எதுக்குடி இப்புடித் தேம்பித் தேம்பி அழுவுற? ஏமாந்தவ நான், நானே அழுது முடிச்சுட்டேன். புருசன் என் புருசன். உனக்கு என்னடி வந்துச்சு?

— அன்னிக்கு என்கிட்ட, உங்கள திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும், அதான் வர முடியலன்னு சொன்னாருக்கா.