மோரை மருந்தென்று சொன்னவர்

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குச் சின்னமனூரிலிருந்து புறப்பட்ட குச்சனூர் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். மற்றவரை அவர் மதினி என்று அழைத்தார்.

“சனீஸ்வரனுக்கு என் பேருல ஒரு எள்ளு விளக்கு, என் போன் பேருல ஒண்ணு போடணும் மதினி.”

“போனுக்குமா? அதுக்கு என்ன ராசி?”

“சிரிக்காதீக. தோட்டத்துல என்ன செஞ்சாலும் போன்ல இருக்கிற ஏஐகிட்ட வாயால சொல்லணும். அது பழம் வாங்குறவுக பாக்குற பிளாக்செயின் கணக்குல பதிஞ்சிரும். பதிஞ்சதை யாராலயும் அழிக்க முடியாது. பழம் அறுக்க ரெண்டு நாள் இருக்கயில, மருந்து அடிச்சேன்னு சொல்லிப்புட்டேன்.”

“நெசமா அடிச்சியா?”

“இலையில சாம்பல் நோயின்னு புளிச்ச மோரைத்தான் அடிச்சேன். நாம எதை அடிச்சாலும் மருந்துன்னுதானே சொல்லுவோம்!”

“ஆத்தாடி! மருந்து பழத்துலயே நிக்கும்னு, பழமே வேணாம்னுருப்பாகளே?”

“மொத்த லோடும் போயிருக்கும். ஏஐ அப்பவே, என்ன மருந்துன்னு திருப்பிக் கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரரு கூட என்னைய இப்படி நின்னு கேட்டதில்ல. மோருன்னேன். அதையும் மணி போட்டு, மொதல்ல சொன்னதுக்குக் கீழயே பதிஞ்சிருச்சு. வாங்குறவுக ரெண்டையும் படிச்சுட்டு லோடை ஏத்திக்கிட்டாக. அது நல்லாருக்கட்டும்.”

“மொதல்ல சொன்னதை அழிக்க முடிஞ்சிருந்தா இன்னும் நல்லாருந்திருக்குமே?”

“அழிக்க முடியும்னா, மோருன்னதையும் நான் பெறகு மாத்துனதாத்தானே மதினி நெனச்சிருப்பாக?”