மூணாவது ஒயர்

— என் பேரு பூச்சி. வயசு இருபத்திமூணு. இப்ப இருக்கறது நான் வேல செய்யற ஒர்க்‌ஷாப்புல, ரெண்டாவது ஷெட்டு, பானெட்டத் தூக்கி வச்ச ஒரு வெள்ளக் காருக்கு முன்னாடி...

— பூச்சியா? இத்தன மாசமா உனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறேன், எங்கிட்ட வேற பேருல்ல சொல்லிருக்க?

— அது பாஸ்போர்ட் பேரு டீச்சர். இது வீட்டுப் பேரு. கதவு டமார்னு சாத்தினாக்கூடத் துள்ளிக் குதிப்பேன்னு அக்கா வச்சது.

— இப்ப மட்டும் என்னவாம்? பின்னாடி எவனாவது ஹாரன் அடிச்சா ஸ்டியரிங்க விட்டுட்டு நெஞ்சப் பிடிச்சுக்கற ஆளுதான நீ. சரி, பேரு வயசெல்லாம் யார்கிட்ட ஒப்பிக்கிற? போலீஸ்கிட்டயா?

— போன்கிட்ட. நான் பேசப் பேச அதுவே எழுதிக்கும், கடைசியில வீட்டுக்கு அனுப்பிருவேன். கையெல்லாம் கிரீஸ், தட்ட முடியாது. வீட்டுல எல்லாருக்கும் சேத்து ஒரே போன்தான். யார் கையில அகப்படுதோ அவங்க சத்தமாப் படிப்பாங்க. புது நம்பர் வாங்கினதும் "நான்தான்"னு மட்டும் அனுப்பினேன், எவனோ திருடன்னு தங்கச்சி பிளாக் பண்ணிட்டா. அதான் இப்பல்லாம் பேரு, வயசு, இருக்கற எடம், எல்லாம் மொதல்லயே சொல்லிடறது.

— உன் தங்கச்சி கெட்டிக்காரி. "நான்தான்"னு வர்றவன் முக்காவாசி திருடன்தான். ஆமா, நான் பேசறதும் அதுல விழுதா?

— விழுது டீச்சர். வேணாம்னா நிறுத்திடறேன்.

— விழட்டும் விழட்டும். அம்மா, உங்க பையன் கிளட்ச்ச விடறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துருவேன். இத எழுதிருச்சா? இன்னைக்கு மத்தியானம் டெஸ்ட்டுன்னு சொல்லிட்டியா அவங்களுக்கு?

— இல்ல... வந்து... சொன்னா அம்மா சாப்பிடாம உக்காந்திருப்பாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவ ஃபெயில். இந்தத் தடவையும் போச்சுன்னா நான் ஊருக்கே கெளம்பி வந்துடுவேன்னு மாமாகிட்ட அம்மா சொல்லி வச்சிருக்காங்க. மாமா கடையில கல்லாவுல உக்காரணும்.

— ஏன், லைசென்ஸ் இல்லன்னா இங்க ஸ்பேனர் திரும்பாதா?

— ரிப்பேர் பண்ணின வண்டிய ரோட்டுல ஓட்டிப் பாக்கத் தெரியாதவன வச்சு நான் என்ன பண்றதுங்கறாரு முதலாளி. வேற ஆளப் பாத்துட்டாரு. நாளைக்கு லைசென்ஸோட வந்தா நான், இல்லன்னா அந்த ஆள்.

— அந்த டெஸ்ட்டுக்கு நீ ஓட்டப்போறதே என்னோட இந்த வண்டியத்தான். கதைய விடாத, கைய வை. ரெண்டு ஒர்க்‌ஷாப்புல சென்சார மாத்திட்டானுங்க. ஒரே வாரத்துல திரும்பவும் இஞ்சின் கோளாறுன்னு மஞ்ச விளக்கு எரியுது, வண்டி குதிக்குது. மூணாவதா நீ மாத்தப் போறியா?

— மாத்த மாட்டேன். மீட்டர வச்சு அளக்கப் போறேன். எல்லாரும் கோளாறு படிக்கற கருவிய மாட்டினாங்க, "த்ராட்டில் சென்சார், வோல்டேஜ் கம்மி"ன்னு அது சொல்லுச்சு, உடனே சென்சார மாத்திட்டாங்க. வோல்டேஜ் கம்மின்னுதான் அது சொல்லுச்சு. சென்சார் கெட்டுப்போச்சுன்னு சொல்லவே இல்ல. உங்க பையில ஊக்கு இருக்கா டீச்சர்?

— ஊக்கா? இந்தா. இதுக்கா இவ்ளோ பெரிய பெட்டி நெறைய சாமான் வச்சிருக்க?

— மீட்டரோட முனை தடி, இதுதான் சரியா நுழையும். அம்மா, நீங்களும் கேளுங்க. இஞ்சினுக்குக் காத்து போற வழியில ஒரு மூடி இருக்கும். நாம ஆக்ஸிலேட்டர மிதிச்சா அது தொறக்கும். எவ்ளோ தொறந்திருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதுதான் இந்தச் சென்சார். மூணு ஒயர். ஒண்ணு அஞ்சு வோல்ட்டக் கொண்டாந்து குடுக்கும். ஒண்ணு எர்த். மூணாவது, பதில் கொண்டுபோறது.

— கழுத்த அறுக்கறான்மா உங்க பையன்.

— சாவியப் போடுங்க டீச்சர். ஸ்டார்ட் பண்ண வேணாம். ஊக்க ஒயர்ல குத்தக்கூடாது, பிளக்குக்குப் பின்னாடி ஒயர ஒட்டியே உள்ள தள்ளணும்... ஆங். அஞ்சு வோல்ட், சரியா வருது. அடுத்தது எர்த்... சுத்தமா இருக்கு. இப்ப மூணாவது. மூடி சாத்தியிருக்கு, அர வோல்ட். கையால தொறக்கறேன். ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலர. திரும்ப சாத்தறேன். நம்பர் எங்கயும் வழுக்கல.

— அப்படின்னா?

— சென்சார் நல்லா இருக்கு.

— அதான பாத்தேன். மெக்கானிக்குங்க ஓட்டினாங்க, ராஜா மாதிரி போச்சு. நான் ஓட்டறேன், குதிக்கல. கத்துக்க வர்ற உங்களுக்குத்தான் குதிக்குது. உனக்கு, அந்த பேக்கரிக்காரனுக்கு, அப்புறம் அந்த நர்ஸுக்கு. காலு நடுங்குது தம்பி. நான் சொன்ன தலகாணிப் பயிற்சி செய்யறியா இல்லியா?

— தெனமும் மிதிக்கறேன் டீச்சர். கட்டில்ல உக்காந்து தலகாணிய மிதிமிதின்னு மிதிக்கறேன். ரூம்ல இருக்கறவங்க, தலகாணி என்னடா பாவம் பண்ணுச்சுங்கறாங்க.

— மிதிச்சும் அடங்கலன்னா என்ன பண்றது? சரி, பானெட்ட சாத்து. மத்தியானம் கடவுள் விட்ட வழி.

— இருங்க. நர்ஸுக்குமா கால் நடுங்குது? நாள் பூரா ஊசி போடறவங்களுக்கு?

— அவளுக்குத்தான் ரொம்ப மோசம். சிக்னல்லயே அழுதுட்டு எறங்கிப் போயிட்டா.

— அவங்க ஓட்டறப்ப நீங்க எங்க இருந்தீங்க?

— எங்க இருப்பேன், கூரை மேலயா? பக்கத்து சீட்டுல.

— மெக்கானிக்குங்க ஓட்டினப்ப?

— ஆபீஸ் ரூம்ல உக்காந்து காப்பி குடிச்சிட்டிருந்தேன். ஏன்டா?

— நீங்க ஓட்டறப்ப பக்கத்து சீட்டு காலியா இருக்கும்... டீச்சர், கொஞ்சம் வந்து வண்டியில உக்காருங்க. உங்க எடத்துல. ரோட்டுல கத்துக்குடுக்கறப்ப எப்படி உக்காருவீங்களோ அப்படியே. மீட்டர வைப்பர்ல சொருகி வச்சிட்டேன், உள்ளேர்ந்தே நம்பர் தெரியும். நான் மிதிக்கறேன், நீங்க நம்பர மட்டும் படிங்க.

— இஞ்சினே ஓடல, இதுல என்ன தெரியப்போவுது? சரி, மிதி. அர... ஒண்ணு... ஒண்ணர... மெதுவா... ரெண்டு... டேய் மெதுவாங்கறேன்ல! ஜீரோ.

— ஜீரோவா?

— ஜீரோதான்டா. இப்ப திரும்ப ரெண்டுன்னு காட்டுது. என்ன பண்ணின?

— நான் ஒண்ணும் பண்ணல, காலு வச்சது வச்ச எடத்துலயே இருக்கு. திரும்பவும் பாக்கலாம். இப்ப வேகமாப் போறோம்னு நெனச்சுக்கங்க. எதுத்தாப்புல லாரி வருது...

— மெதுவா! பிரேக்கு! ஜீரோ!

— டீச்சர்... உங்க காலு எங்க இருக்கு?

— என் காலு என் செருப்புல இருக்கு.

— செருப்பு?

— ...என் பக்கத்து பிரேக்குல.

— அசையாதீங்க! அப்படியே இருங்க. ஜீரோ. இப்ப எடுங்க. ரெண்டு. வைங்க. ஜீரோ. டீச்சர், நான் கால்மிதியத் தூக்கிப் பாக்கறேன்... அய்யோ, இந்த பெடல இங்க யாரு பத்த வச்சது?

— என் வீட்டுக்காரர். அவர் வெல்டராச்சே. கத்துக்க வர்றவன் எங்கயாவது கொண்டுபோய் மோதிட்டா உன் பக்கம் பிரேக் கெட்டியா இருக்கணும்னு அவரே செஞ்சு மாட்டினார். நடுவுல ஆடுதுன்னேன், ஒரு தகடு வச்சுத் திரும்பவும் பத்த வச்சார். யானை மிதிச்சாலும் தாங்கும்னார்.

— யானையத் தாங்கும். ஒயருதான் தாங்கல. கம்ப்யூட்டர் உங்க கால் பக்கத்துச் சொவத்துலதான் இருக்கு, சென்சாரோட ஒயரெல்லாம் இந்த வழியாத்தான் போகுது. தகடு அது மேல ஒக்காந்திருக்கு. பாருங்க, தோல் உரிஞ்சு செம்பு தெரியுது. எது உரிஞ்சிருக்கு, மூணாவது ஒயர். நீங்க பிரேக்க லேசாத் தொட்டாலே தகடு எறங்கி அதுல முட்டுது. பதிலு வண்டியோட பாடில எறங்கிப் போயிருது. டிரைவர் காலத் தூக்கிட்டான்னு நெனச்சு கம்ப்யூட்டர் பெட்ரோல நிறுத்துது. நீங்க காலெடுத்தா திரும்ப வருது, வண்டி குதிக்குது.

— அப்ப நான் மிதிச்சதாலதான்...

— குதிச்சதும் நீங்க "கால் நடுங்குது"ம்பீங்க. அதக் கேட்டு எனக்கு நடுங்கும். அதப் பாத்து நீங்க திரும்பவும் மிதிப்பீங்க.

— அந்த நர்ஸுப் பொண்ணு அழுதுட்டே எறங்கினா தம்பி. "இந்தக் காலுக்கு நீ சைக்கிள்கூட ஓட்ட முடியாது"ன்னேன். வண்டிக்கு என்ன ஆயிருமோன்னு பயம் எனக்கு. என் பயத்த உங்க எல்லார் கால்லயும் கட்டி விட்டுட்டேன். நிறுத்தாத, இதையும் போன் எழுதட்டும்.

— டெஸ்ட்டுலயும் இதேதான் நடந்திருக்கும், இல்ல? அந்த ஆபீசர் உங்க சீட்டுலதான உக்காருவார்.

— ஏறினதும் அந்த மனுஷன் செய்யற மொதல் வேலையே கால அந்த பெடல் மேல வச்சுக்கறதுதான். சரி, பேச்ச விடு, இத எப்ப சரி பண்ணுவ? இன்சுலேஷன் டேப்பு சுத்தினாப் போதுமா?

— சுத்தினா நாலு நாளைக்கு வரும், திரும்ப உரியும். உரிஞ்ச எடத்த அத்துவிட்டு, ஈயத்தால பத்த வச்சு, மேல ஒறை போட்டு, தகடு தொடாத எடமாப் பாத்து ஒயரத் தள்ளிக் கட்டணும். நீங்க வெளிய போய் வீட்டுக்காரருக்கு போன் போடுங்க. திட்டறதுக்கு நேரம் சரியா இருக்கும்.

— திட்டறதா? இன்னைக்கு ராத்திரி சோறு அவர்தான் ஆக்கணும், அவ்ளோதான்.

— ...முடிஞ்சுது டீச்சர், வாங்க, உக்காருங்க. நான் ரெண்டு வோல்ட்டுல புடிச்சிருக்கேன். நீங்க மிதிங்க. அப்படித் தடவினா எப்படி? எம்மேல இருக்கற கோவத்தையெல்லாம் காட்டி மிதிங்க.

— உம்மேல எனக்கென்னடா கோவம். இந்தா... இந்தா! ரெண்டு. ரெண்டு. ரெண்டேதான்டா! அசையவே இல்ல!

— இப்பத்தான் டீச்சர் எனக்கு நெஜமாவே பயமா இருக்கு.

— ஏன்டா?

— இத்தன நாளா ஒருவேள வண்டியா இருக்கும், ஒருவேள வண்டியா இருக்கும்னு மனசுக்குள்ள ஓரமா ஒண்ணு இருந்துச்சு. இப்ப வண்டி நல்லா இருக்கு. இதுக்கு மேல ஃபெயிலானா அது நான்தான். நெசமாவே கால் நடுங்குது, பாருங்க.

— நடுங்கட்டும். மெய்ன் ரோடு வரைக்கும் போய்ட்டு வரலாம், எடு வண்டிய. நான் காலத் தூக்கி சீட்டுல சம்மணம் போட்டுக்கறேன். கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இப்படி ஒரு கார்ல உக்காந்ததில்ல. ம், கிளட்ச்ச விடு... கதைய விடாத... விடு... அட.

— டீச்சர், ஏன் கண்ண மூடிக்கிட்டீங்க?

— பழக்கதோஷம். நீ ரோட்டப் பாரு!

— அம்மா, திரும்பவும் பூச்சிதான். இருபத்திமூணு வயசு. இப்ப லைசென்ஸ் ஆபீசுக்கு வெளிய, அதே வெள்ளக் காருக்குள்ள, டீச்சர் பக்கத்துலயே. டெஸ்ட்டு முடிஞ்சுருச்சு.

— இரு, நான் போன்ல இருக்கேன்... ஆமாம்மா, டிரைவிங் டீச்சர்தான் பேசறேன். வெச்சுராதீங்க. நீங்க நர்ஸு, எனக்கு ஞாபகம் இருக்கு. உங்க கால்ல ஒரு கொறையும் இல்ல. கொறை என் வண்டியில, அத மிதிச்சது நானு. வெள்ளிக்கெழம வாங்க, இந்தத் தடவ நான் கையக் கட்டிக்கிட்டு... இல்ல, காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். வருவீங்கல்ல?

— வர்றாங்களாமா?

— வர்றாளாம். செருப்பு மாட்டாம வான்னு எனக்கு ஆர்டர் வேற. நீ எழுது, நடந்தத எழுது.

— அந்த ஆபீசர் ஏறினாரும்மா. டீச்சர் சொன்ன மாதிரியே கால பெடல் மேல வச்சுக்கிட்டார். நான் அதையே பாத்துட்டிருந்தேன். "தம்பி, என் ஷூவ ஏன் பாக்கற, ரோட்டப் பாரு"ன்னார். மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொன்னார். கால் நடுங்குச்சு. நல்லா நடுங்குச்சு. வண்டி பாட்டுக்கு மேல போச்சு.

— வளவளன்னு இழுக்காத. அந்த மனுஷன் என்ன சொன்னார்னு சொல்லு, அங்க படிக்கறவங்களுக்கு மூச்சு நின்னுரப் போகுது.

— எப்படிச் சொல்றதுன்னு தெரியல டீச்சர். வாய் வரைக்கும் வருது, அழுகையா வருது.

— அப்ப நான் சொல்லட்டுமா?

— வேணாம், நானே. இத யார் படிக்கறீங்களோ, அக்காவோ தங்கச்சியோ, பக்கத்து வீட்டுக்காரங்களோ... தயவுசெஞ்சு இப்பவே கெளம்பிப் போய், கல்லாவுல உக்கார வேற ஆளப் பாத்துக்கச் சொல்லி மாமாகிட்ட சொல்லிருங்க.