பார்க்கர் சந்தில் ஒரு சண்டைச் சத்தம்

சங்கத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்குறார். தெரியுது சார்... ஐந்தே நிமிஷம். 'வெளி மாநிலத்தவருக்கு பார்க்கர் சந்தில் வீடு வாடகைக்கு விடுவதில்லை.' இதுதானே மூணாவது தீர்மானம்? அதை ஓட்டுக்கு விடறதுக்கு முன்னாடி, நடந்த ஒண்ணைச் சொல்லிடறேன். சின்னதுதான். கதை மாதிரியே கேட்டுக்குங்க.

போன ஜூலை. செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூணு மணி.

இடம், பதினொண்ணாம் நம்பரோட பின்பக்கம். ஒரு காலத்துல அது ரயில்வே கார்டு ரோசாரியோ வீட்டுச் சாப்பாட்டு அறை. அவங்க குடும்பம் ஆஸ்திரேலியா போயிடுச்சு. வீடு நாலு கை மாறிச்சு. நடுவுல சுவர் எழுந்துச்சு. இப்போ அது ஒத்தை ரூம். ஒரே கதவு. கதவை ஒட்டி அடுப்பு. எதிர்க் கோடியில கம்பி போட்ட ஜன்னல்.

அந்த ரூம்ல சஸ்மிதான்னு ஒரு பொண்ணு. ஒடிசா. வந்து மூணு மாசம். புருஷன் மெட்ரோ வேலைக்குப் போயிருந்தார். கூட எட்டு மாசக் குழந்தை.

அந்த ஜன்னலுக்கு நேர் எதிர் மாடி... என் வீடு.

சத்தம் வந்துச்சு.

"நீயா! நீயா! நீயா!"

பக்கத்து பால்கனியில இந்திராணி அக்கா துணி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. கோவிச்சுக்காதீங்க அக்கா... இதுல நானும் கூட்டு.

"கேட்டியாப்பா? வந்து மூணு மாசம்தான் ஆச்சு... தமிழ்லயே சண்டை போடறா!"

"புருஷன்கூடவா அக்கா?"

"பின்ன? எவளோடயோ மாட்டியிருப்பான். 'நீயா'ன்னு கேக்கறா பாரு. நல்லாக் கேளுடியம்மா!"

சிரிச்சோம். சத்தம் நிக்கலை. "நீயா! நீயா!" நான் படிச்சுக்கிட்டு இருந்தேன். தொந்தரவா இருந்துச்சு. எழுந்து போய், எதிர்ல எட்டிக்கூடப் பார்க்காம...

ஜன்னலைச் சாத்தினேன்.

திரும்பவும் சொல்றேன். ஜன்னலைச் சாத்தினேன். நான்தான்.

சந்து முனையில இஸ்திரி வண்டி. நூக்கரத்னம். அந்தப் பேரு நம்ம வாயில நுழையலை. ரத்தினக்கான்னு ஆக்கிட்டோம். என் வீட்டுச் சட்டையைத்தான் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்களாம். திடீர்னு கீழே அவங்க குரல்.

"ஏய்! மாடி! ஜன்னலைச் சாத்திக்கினு என்னாடா பண்றே? காதுல பஞ்சா?"

திறந்தேன். "என்னக்கா... குடும்பச் சண்டை. நாம எதுக்கு..."

"சண்டையா? நெருப்புன்றாடா அவ! நெருப்பு! நெருப்பு!"

நியா... கடைசியில கொஞ்சம் மூக்கால சொல்லணும். ஒடியாவுல நெருப்புக்கு அதான் வார்த்தை.

கேஸ் டியூப்ல பிடிச்ச தீ, கதவுத் திரைக்குத் தாவியிருந்துச்சு. இருந்த ஒரே வழி அது. அந்தப் பொண்ணு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, குழந்தை மூக்கை வெளியில நீட்டிக்கிட்டு, நம்மளைப் பார்த்துதான் கத்தியிருக்கு. நம்மளை... பார்த்து.

நான் படியிறங்கி ஓடறதுக்குள்ள ரத்தினக்கா இஸ்திரி மேஜைக் கம்பளியை உருவி, டிரம் தண்ணியில முக்கி, திரையையும் அடுப்பையும் சேர்த்துப் போட்டு மூடியாச்சு. சிலிண்டரைத் திருகி நிறுத்தியாச்சு. என்னமோ ஒரு பாஷையில அந்தப் பொண்ணை அதட்டுறாங்க. அது குழந்தையோட வெளியில வந்துடுச்சு. அந்தப் பொண்ணுக்குக் கை மட்டும் லேசா சுட்டிருந்துச்சு. ரத்தினக்காவுக்குப் புருவம் பாதி போயிடுச்சு.

அப்புறமா கேட்டேன். "உங்களுக்கு எப்படிக்கா அந்த பாஷை?"

"எங்க ஊரு இச்சாபுரம். ஆந்திராவுக்குக் கடைசி. சந்தைக்குப் போனா பாதிப் பேரு ஒடியாதான். ஏன், இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?"

இப்பத்தான் தோணிச்சு. இருபத்தாறு வருஷம் நம்ம துணியைத் தேய்ச்சவங்க எந்த ஊருன்னு, அன்னைக்குத்தான் கேட்டேன். இங்க யாருக்காவது தெரியுமா? கை தூக்குங்க பார்க்கலாம்.

...

சரி.

மூணாவது தீர்மானத்துல 'வெளி மாநிலத்தவர்'னு போட்டிருக்கு. அப்போ இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடியே அதை நிறைவேத்தியிருந்தா? இதே சந்துல வாடகைக்குக் குடியிருக்கற ரத்தினக்கா இங்க இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, சந்துல அந்த வார்த்தை புரிஞ்ச ஒரே ஆளும் இல்லை. மிச்சத்தை நான் சொல்ல வேணாம்.

பாஷை தெரியாதது தப்பில்லைங்க. எனக்கு உறுத்தறது வேற. அந்தப் பொண்ணு நெருப்புன்னு கத்துச்சு. நமக்கு ஏன் 'நீயா'ன்னு விழுந்துச்சு? யோசிச்சேன். ஒவ்வொரு லாரி வந்து சாமான் இறங்கும்போதும், நாம பால்கனியில நின்னு மனசுக்குள்ள கேக்கற கேள்வி அதுதானே? நீயா? இங்கயா? நீயா? நம்ம கேள்விதான் நம்ம காதுல விழுந்திருக்கு. அந்தப் பொண்ணு அதைக் கேக்கவே இல்லை.

சந்து மாறுது. ரோசாரியோ காலத்துல இருந்தே மாறிக்கிட்டுதான் இருக்கு. நாம ஓட்டுப் போட்டு நிறுத்த முடியாது. புரியாத ஒரு சத்தம் வந்தா, எழுந்து போய் என்னன்னு பார்க்கலாம். அது முடியும். அதுக்கு எந்த பாஷையும் தேவையில்லை.

நான் இந்தத் தீர்மானத்தை எதிர்க்கிறேன். ஆதரிச்சுக் கை தூக்கப் போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. சஸ்மிதா இந்தக் கூட்டத்துக்கு வரலை. நாம கூப்பிடலை. ஆனா அதோ, இந்தக் கூட்ட ஹாலோட ஜன்னல்ல இருந்து பார்த்தா பதினொண்ணாம் நம்பர் தெரியும்.

தயவுசெய்து... அதைத் திறந்து வச்சுட்டுக் கையைத் தூக்குங்க.